திட்டம் வரைந்த தெருக்கள்: மறைமலைநகரும் செங்கல்பட்டுக் கடற்கரையும்

1955 ஜனவரியில் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மாநாடு, இந்தியாவின் வளர்ச்சி சமதர்ம பாணிச் சமுதாயத்தை நோக்கி அமைய வேண்டும் என்று தீர்மானித்தது. ஆவடி அன்று செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த ஊர். பொன்னேரியிலிருந்து மதுராந்தகம், செய்யூர் வரை நீண்டு, சென்னை நகரத்தை நிலப்பக்கம் முழுவதும் சூழ்ந்திருந்த மாவட்டம் அது. தீர்மானம் நிறைவேறிய மண்ணிலேயே அதன் விளைவுகள் அடுத்த முப்பது ஆண்டுகளில் ஒவ்வொன்றாக எழுந்தன. செங்கல்பட்டை அடுத்த திருமணியில் இருந்த தொழுநோய் மருத்துவமனையை 1955இல் மத்திய அரசு ஏற்று, பயிற்சி ஆராய்ச்சி நிலையமாக்கியது. மாமல்லபுரத்தில் 1957இல் அரசு சிற்பப் பயிற்சி நிலையம் தொடங்கியது. ஆவடியில் 1961இல் கனரக வாகனத் தொழிற்சாலை நிறுவப்பட்டு, 1965இல் முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. அதே ஆண்டில் செங்கல்பட்டில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. 1971இல் கல்பாக்கத்தில் அணு உலை ஆராய்ச்சி மையம் அமைந்தது. ஊருக்கு என்ன தொழில் வரும், எங்கே வரும், யாருக்கு வேலை கிடைக்கும் என்பதையெல்லாம் அரசு முடிவு செய்த காலம் அது.

கிழக்கு ஐரோப்பாவைப் போல இங்கே தனியார் தொழில் ஒழிக்கப்படவில்லை. ஆனால் தனியார் முதலாளி உரிமம் இல்லாமல் பெரிய ஆலை எதையும் நிறுவ முடியாது என்ற ஏற்பாடு இருந்தது. 1991இல் அந்த ஏற்பாடு கலைந்தது. அதற்குப் பிந்திய செங்கல்பட்டின் கதையை, சோவியத் முகாம் சரிந்த பிறகு போலந்திலும் கிழக்கு ஜெர்மனியிலும் நகரங்கள் மாறிய கதையோடு சேர்த்துப் பார்ப்பது பயன் தரும். கிராக்கோவ் நகரை ஒட்டி 1949இல் கட்டத் தொடங்கிய நோவா ஹூத்தா, ஓர் எஃகு ஆலைக்காகவே உருவான சமதர்ம நகரம். ஆலையில் ஒரு காலத்தில் 35 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலை பார்த்தனர். சந்தை வந்ததும் ஆட்கள் குறைந்தனர், ஆலை தனியார் கைக்குப் போனது. அங்கே திட்டம் நிரப்பிய ஆலையைச் சந்தை காலியாக்கியது. செங்கல்பட்டுச் சீமையில் நடந்தது நேர்மாறு. திட்டம் தெருக்களை வரைந்தது. அவை பாதி காலியாகவே கிடந்தன. சந்தை வந்துதான் அவற்றை நிரப்பியது. மறைமலைநகர் அதற்கு முழுமையான சான்று.

தொழிற்சாலைகளுக்கு முன் இந்த மாவட்டம் ஏரிகளின் மாவட்டம். பெரிய ஆறு என்று சொல்ல பாலாறு ஒன்றே. அதுவும் ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும். வேளாண்மை முழுவதும் மழைநீரைத் தேக்கிய ஏரிகளையும் அவற்றிலிருந்து இறங்கும் மதகுகளையும் கலங்கல்களையும் நம்பியிருந்தது. நிலம் மிராசுதாரர்களிடம் இருந்தது. உழைப்பு பறையர் சமூகத்துப் பண்ணையாட்களுடையது. 1891இல் செங்கல்பட்டு கலெக்டராக இருந்த ட்ரெமென்ஹீர் அந்த மக்களின் நிலையைப் பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை அனுப்பினார். குடியிருக்கும் மனைகூடச் சொந்தமில்லாதவர்கள், தரிசை உழவும் மிராசுதாரர்களின் தடையை மீற முடியாதவர்கள் என்று அதில் விரிவாகப் பதிந்தார். அதன் பயனாக 1892இல் பிறந்த அரசாணைப்படி ஒடுக்கப்பட்டோருக்கென நிலம் ஒதுக்கப்பட்டது. பத்தாண்டுகளுக்கு விற்கக் கூடாது, அதன் பிறகும் அதே வகுப்பினரைத் தவிர வேறு எவருக்கும் விற்கக் கூடாது என்பது நிபந்தனை. இன்று பஞ்சமி நிலம் என்று எல்லோரும் அறிந்திருப்பது அதுதான். அந்த அறிக்கை செங்கல்பட்டில் பிறந்தது என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். ஒரு நூற்றாண்டு கழித்து, நிலத்தின் விலை ஏறியபோது, அதே மாவட்டத்தில்தான் அந்தக் கேள்வி இரத்தத்தோடு திரும்பி வந்தது.

கார் தொழிலும் இந்த மாவட்டத்துக்குப் புதிதல்ல. ஃபோர்டு நிறுவனம் 1926 முதல் பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய நகரங்களில் உதிரிகளை இறக்கிக் கார்களைப் பூட்டி விற்றுவந்தது. நாட்டிலேயே பாகங்களைச் செய்யும் திட்டம் இல்லாத நிறுவனங்கள் தொழிலை மூட வேண்டும் என்று 1953இல் மத்திய அரசு முடிவெடுத்தபோது ஃபோர்டு வெளியேறியது. உள்நாட்டில் உற்பத்தி செய்ய ஒப்புக்கொண்டு நிலைத்தவற்றுள் ஒன்று, சென்னைக்குத் தெற்கே பெருங்களத்தூர், வண்டலூர் பக்கம் ஆலை வைத்திருந்த ஸ்டாண்டர்டு மோட்டார்ஸ். 1961இல் அது வெளியிட்ட ஸ்டாண்டர்டு ஹெரால்டு, பின்னர் வந்த கெஸல், இரண்டும் தென்னிந்தியச் சாலைகளில் நன்கு பழகிய வண்டிகள். உரிமக் கட்டுப்பாடு அந்த ஆலையைப் போட்டியிலிருந்து காத்தது. புதிய மாதிரிகளுக்கான முதலீட்டையும் முடக்கியது. 1983இல் மாருதி வந்த பிறகு பழைய ஆலைகளுக்குத் தாக்குப்பிடிப்பது கடினமாயிற்று. 1985இல் ஸ்டாண்டர்டு 2000 என்ற விலையுயர்ந்த வண்டியைக் கொண்டுவந்து பார்த்தார்கள், எடுபடவில்லை. 1988இல் ஆலை நின்றது. அதன் நிலத்தில் இன்று தகவல் தொழில்நுட்ப வளாகமும் அடுக்குமாடிக் குடியிருப்புகளும் நிற்கின்றன. அந்த ஆலை சங்கு ஊதிய காலத்தில் அங்கே நிரந்தர வேலை கிடைப்பது ஒரு குடும்பம் ஒரு படி மேலே ஏறியதற்கு அடையாளம்.

சென்னை மாநகரம் தாங்க முடியாத அளவு நெரிசலாகிறது என்ற கவலை 1960களிலேயே எழுந்துவிட்டது. 1971ஆம் ஆண்டின் நகர், ஊரமைப்புச் சட்டத்தின் வழியாகச் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் உருவானது. 1976இல் ஒப்புதல் பெற்ற முதல் முழுமைத் திட்டம் நகரத்துக்குள் குவியும் மக்களையும் தொழிலையும் வெளியே இழுக்கத் துணைநகரங்களைப் பரிந்துரைத்தது. தெற்கே செல்லும் ஜி.எஸ்.டி. நெடுஞ்சாலையில், அன்றைய பெருநகர எல்லைக்கும் வெளியே, சென்னையிலிருந்து ஏறத்தாழ 45 கிலோமீட்டரில், செங்கல்பட்டுக்குச் சற்று முன்பாக ஓர் இடம் தேர்வானது. சாலையும் ரயில்பாதையும் அங்கே அருகருகே ஓடுகின்றன. ஏரிப்பாசனம் குறைந்த மேட்டு நிலமும் இருந்தது. காட்டாங்கொளத்தூர், நின்னகரை, பொத்தேரி, திருக்கச்சூர் முதலிய ஊர்களைச் சேர்ந்த நிலங்களில் 1980 முதல் ஒரு நகரம் எழத் தொடங்கியது. சுந்தரர் பாடிய திருக்கச்சூர் கோயில் அதன் விளிம்பிலேயே இருக்கிறது. அதாவது வெற்றிடத்தில் நகரம் எழவில்லை. பல நூற்றாண்டு பழமையான ஊர்களின் வயல், மேய்ச்சல், களத்துமேட்டின் மேல்தான் வரைபடம் விரிக்கப்பட்டது.

அந்த நகரத்துக்கு மறைமலை அடிகளின் பெயர் வைத்தார்கள். தனித்தமிழ் இயக்கத்தை 1916இல் தொடங்கிய அடிகள், வாழ்நாளின் பெரும்பகுதியைப் பல்லாவரத்தில் கழித்தவர். பல்லாவரமும் பழைய செங்கல்பட்டு மாவட்டத்து ஊர். பாவேந்தர் சாலை, அடிகளார் சாலை என்று வீதிகளுக்கும் தமிழ்ப் பெருமக்களின் பெயர்கள் வந்தன. அமைப்போ வேறிடத்துச் சிந்தனை. ஒவ்வொரு குடியிருப்புப் பகுதிக்கும் அதற்கென ஒரு பள்ளி, சில கடைகள், ஒரு பூங்கா, குழந்தைகள் பெருஞ்சாலையைக் கடக்காமல் நடந்து போகும் தொலைவு என்ற அண்டைக் குடியிருப்பு அலகுக் கொள்கையை 1929இல் வகுத்தவர் அமெரிக்கத் திட்டக்காரர் கிளாரன்ஸ் பெர்ரி. மாஸ்கோ முதல் சண்டிகர் வரை இருபதாம் நூற்றாண்டின் திட்ட நகரங்கள் பலவற்றில் அதன் சாயலைக் காணலாம். மறைமலைநகரில் என்.எச்.-1, என்.எச்.-2 என்று இன்றும் முகவரிகளில் எழுதப்படுவது அந்த அலகுகளின் எண்தான்.

வீட்டுமனைகளும் தொழிற்பேட்டைக்கான நிலமும் சாலைகளும் தண்ணீர்த் தொட்டிகளும் தயாராயின. மனிதர்கள் அவ்வளவு வேகமாக வரவில்லை. 1980களில் மனை ஒதுக்கீடு பெற்ற பலர் வீடு கட்டாமலே வைத்திருந்தார்கள். சென்னைக்கு ரயில் இருந்தது, பயணம் நீண்டது, உள்ளூரில் போதிய வேலை இல்லை. ஒரு நகரத்தை அமைத்து முடித்துவிட்டுத் தொழிலுக்காகக் காத்திருப்பது என்ற முறையின் குறை இது. திட்டக்காரர்கள் நிலத்தையும் குழாயையும் தம் கையில் வைத்திருந்தார்கள். உரிமம் டெல்லியில் இருந்தது, முதலீடு வேறு யாரிடமோ இருந்தது. இதற்காக அந்தத் திட்டத்தை வீண் என்று ஒதுக்குவது நியாயமாகாது. அகலச் சாலையும் வரிசைப்பட்ட மனையும் பூங்காவுக்கென்று விட்ட இடமும் பிற்காலத்தில் கூடுவாஞ்சேரி, ஊரப்பாக்கம் பகுதிகளில் தனியார் மனைப்பிரிவுகள் எப்படி முளைத்தன என்பதைப் பார்த்தால்தான் எவ்வளவு பெரிய சொத்து என்று விளங்கும்.

நகரத்துக்கு முதல் கூட்டத்தைக் கொண்டுவந்தது தொழிற்சாலை அல்ல, கல்லூரி. 1984இல் எம்.ஜி.ஆர். அரசு சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு அனுமதி தந்தது. மறு ஆண்டே காட்டாங்கொளத்தூரில் எஸ்.ஆர்.எம். பொறியியல் கல்லூரி தொடங்கியது. பின்னாளில் அது பல்கலைக்கழகமாக வளர்ந்தது. உயர்கல்வி அரசின் கையிலிருந்து தனியார் கட்டணத்துக்கு நகர்ந்தது 1991க்கு முன்பே நடந்துவிட்டது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பொத்தேரி என்ற சின்ன ரயில் நிலையம் மாணவர்களால் நிரம்பியது. சாலையோரத்து வயல்களில் விடுதிகளும் மெஸ்களும் ஜெராக்ஸ் கடைகளும் எழுந்தன. விவசாயி ஒருவர் நிலத்தை விற்றுவிட்டு அதன் ஒரு மூலையில் வாடகை அறைகள் கட்டி வாழும் வழக்கம் இங்கே வேர்விட்டது.

1991 ஜூலையில் புதிய தொழிற்கொள்கை அறிவிக்கப்பட்டபோது பெரும்பாலான தொழில்களுக்கு உரிமம் தேவையில்லை என்றாயிற்று. பயணிகள் கார் உற்பத்தி 1993இல் உரிமத்திலிருந்து விடுபட்டது. ஃபோர்டு மீண்டும் வந்தது; 1995இல் மஹிந்திரா குழுமத்தோடு கூட்டுச் சேர்ந்தது. அதன் ஆலையைப் பெற மகாராஷ்டிரமும் தமிழ்நாடும் போட்டியிட்டன. ஜெயலலிதா அரசு நிலமும் நீண்டகால விற்பனை வரிச் சலுகையும் மின்சார, தண்ணீர் உறுதியும் தந்து ஆலையை மறைமலைநகருக்குக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டு ஹூண்டாய் திருப்பெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையைத் தேர்ந்தது. அரசின் வேலை இங்கே அடியோடு மாறுகிறது. ஆவடியில் அரசு தானே ஆலை வைத்துத் தானே சம்பளம் கொடுத்தது. மறைமலைநகரில் அரசு நிலத்தைச் சேர்த்துக் கொடுக்கும் இடத்துக்கு வந்துவிட்டது. மாநிலங்கள் ஒன்றோடொன்று சலுகையில் போட்டியிடுவதும் அப்போது வலுத்த பழக்கம்.

1998இல் ஃபோர்டு கூட்டில் பெரும்பங்கைத் தன்னிடம் எடுத்துக்கொண்டது. 1999இல் ஐகான் கார் மறைமலைநகர் ஆலையிலிருந்து வெளிவந்தது. 2010இல் ஃபிகோ, 2013இல் ஈகோஸ்போர்ட் வந்தபோது ஆலை விரிந்தது, ஏற்றுமதியும் பெருகியது. அதைச் சுற்றி உதிரிபாக நிறுவனங்கள் வந்தமர்ந்தன. ஃபோர்டிலிருந்து 2000இல் பிரிந்த விஸ்டியான் கீழக்கரணையில் ஆலை வைத்தது. கார் ஆலை ஒன்று தன் கதவுக்குள் தரும் வேலையைவிட வெளியே உண்டாக்கும் வேலை அதிகம். இருக்கை தைப்பது, வயரிங் கோப்பது, பிளாஸ்டிக் வார்ப்பது, லாரி ஓட்டுவது, கேன்டீனில் சமைப்பது என்று அது பரவும். 1980களில் காலியாகக் கிடந்த மனைகளில் இப்போது வீடுகள் எழுந்தன. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மறைமலைநகர் நகராட்சியில் ஏறத்தாழ 82 ஆயிரம் பேர் இருந்தார்கள்.

வந்தவர்கள் யார் என்பதே இந்த மாற்றத்தின் உள்ளடக்கம். விழுப்புரம், திருவண்ணாமலை, கடலூர் மாவட்டங்களின் புஞ்சைக் கிராமங்களிலிருந்து ஐ.டி.ஐ., டிப்ளமோ முடித்த பையன்கள் வந்தார்கள். நான்கைந்து பேர் ஓர் அறையில் தங்கி, ஷிப்டுக்குக் கம்பெனி பஸ்ஸில் போய் வந்தார்கள். பழைய அரசு ஆலையில் தொழிலாளி என்றால் ஒரே வகைதான். உள்ளே நுழைந்தவர் ஓய்வு பெறும்வரை அங்கேயே. புதிய ஆலைகளில் நிரந்தரத் தொழிலாளி, பயிற்சியாளர், ஒப்பந்தத் தொழிலாளி என்று ஒரே அசெம்பிளி வரிசையில் மூன்று விதமான மனிதர்கள் நின்றார்கள். செய்யும் வேலை ஏறக்குறைய ஒன்றுதான். சம்பளமும் நாளைய உறுதியும் வேறு வேறு. நிரந்தர வேலை கிடைத்தவர் சிங்கப்பெருமாள் கோயிலிலோ கூடுவாஞ்சேரியிலோ கடன் வாங்கி மனை வாங்கினார். ஒப்பந்தத்தில் இருந்தவர் ஒரு கம்பெனியிலிருந்து அடுத்த கம்பெனிக்கு அலைந்து, முப்பது வயதில் ஊர் திரும்பினார் அல்லது கால் டாக்சி ஓட்டினார். அவர் விட்ட இடத்துக்குப் பின்னாளில் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் ஆள் வந்தது. ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தலைமுறை தலைமுறையாகப் பண்ணை வேலை பார்த்த சேரியின் பிள்ளைகளுக்கு, சாதி கேட்காமல் மாதச் சம்பளம் தரும் வாசல் ஒன்றை இந்த ஆலைகள் திறந்தன. ஊருக்குள் குனிந்து நின்றவரின் மகன் சீருடை அணிந்து பஸ்ஸுக்கு நிற்பது சிறிய மாற்றமல்ல. குறை எதுவானாலும் அதை மறைத்து இந்த வரலாற்றை எழுத முடியாது.

நிலமோ அந்த வாசலுக்கு வெளியே வேறு விதமாகப் பேசியது. ஏக்கரில் அளந்த வயல் கிரவுண்டிலும் சதுர அடியிலும் அளக்கப்பட்டது. இந்த விலையேற்றம் 1990களின் தொடக்கத்திலேயே கடற்கரைப் பக்கம் உணரப்பட்டது. மாமல்லபுரத்தை அடுத்த காரணையில் தங்களுக்குரிய பஞ்சமி நிலம் பிறர் கைக்குப் போயிருப்பதை எதிர்த்து தலித் மக்கள் எழுந்தார்கள். 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் நடந்த போராட்டத்தில் காவல்துறை சுட்டதில் ஜான் தாமஸ், ஏழுமலை ஆகிய இருவர் உயிரிழந்தனர். பஞ்சமி நில மீட்பு தமிழகம் முழுவதும் அரசியல் கோரிக்கையாக உருவெடுத்தது இந்தச் சாவுகளுக்குப் பிறகுதான். 1892 அரசாணையின் நிபந்தனைகள் நூறாண்டுகள் தாளில் இருந்தன. நிலத்துக்கு விலை இல்லாத காலத்தில் மீறலை எவரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. ஃபோர்டு ஒப்பந்தம் கையெழுத்தாவதற்கு முந்திய ஆண்டில் இது நடந்தது என்பதை மறந்துவிட்டுத் தொழில் வளர்ச்சியை மட்டும் கொண்டாடும் எழுத்து அரைகுறையானது.

சந்தைக் காலத்துக்கே உரிய நகரம் 2002இல் திறக்கப்பட்டது. செங்கல்பட்டுக்கு வடக்கே, பரனூர் ரயில் நிலையத்தை ஒட்டி, 1,500 ஏக்கருக்கும் அதிகமான பரப்பில் எழுந்த மஹிந்திரா வேர்ல்டு சிட்டி, மஹிந்திரா குழுமமும் அரசு நிறுவனமான டிட்கோவும் சேர்ந்து அமைத்தது. நிர்வாகம் பெரும்பங்குதாரரான தனியாரிடம். சிறப்புப் பொருளாதார மண்டலச் சட்டம் 2005இல் வரும் முன்பே அது செயல்படத் தொடங்கிவிட்டது. இன்ஃபோசிஸ் வளாகம் வந்தது, 2007இல் பி.எம்.டபிள்யூ. கார் ஆலை வந்தது. மறைமலைநகரில் நகராட்சி உறுப்பினரிடம் குழாய்ப் பழுதைச் சொல்லிச் சண்டை போடலாம். பரனூர் வாயிலுக்குள் சாலையும் தண்ணீரும் காவலும் ஒரு நிறுவனத்தின் சேவை. இருபதாண்டு இடைவெளியில், பத்து கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவில், நகரம் என்றால் என்ன என்பதற்கு இரண்டு விடைகள் அருகருகே நிற்கின்றன. தொழுநோயால் பிழைப்பிழந்து பிச்சை எடுத்தவர்களுக்கென அரசு நடத்தும் மறுவாழ்வு இல்லமும் அதே பரனூரில்தான் இருக்கிறது. அது முந்திய காலத்து அரசின் விடை.

மறைமலைநகருக்கு வடக்கே தாம்பரம் வரையிலான நீண்ட துண்டு யாருடைய திட்டத்துக்கும் அடங்காமல் வளர்ந்தது. ஏரிகளின் ஆயக்கட்டு மனைகளானது. நிலத்தில் பயிர் இல்லாதபோது மதகுக்கும் கால்வாய்க்கும் காவலில்லை. தூர்ந்த கால்வாய் தெருவாகிவிடும். 2015 டிசம்பர் மழையில் முடிச்சூர், வரதராஜபுரம் வீடுகள் மாடிவரை நீரில் நின்றதற்கு மழையின் அளவு ஒரு காரணம். அடையாற்றின் தலைப்பகுதியில் வெள்ளம் விரியும் இடங்களில் மனைப்பிரிவுகள் எழுந்தது இன்னொரு காரணம். செங்கல்பட்டு ஊரின் வாசலில் கிடக்கும் கொளவாய் ஏரியும் இதே காலத்தில் நகரக் கழிவுநீரை ஏற்றுத் துன்பப்பட்டது. அண்மை ஆண்டுகளில்தான் அரசு பெருஞ்செலவில் அதைத் தூர்வாரிச் சீரமைக்க முனைந்தது.

கடற்கரையின் கதை சற்று வேறு. கல்பாக்கத்தில் திட்டக் காலம் முடியவே இல்லை. 1983 ஜூலையில் இந்திரா காந்தி நாட்டுக்கு அர்ப்பணித்த சென்னை அணுமின் நிலையத்தையும் ஆராய்ச்சி மையத்தையும் சுற்றி அணுசக்தித் துறை தன் ஊழியர்களுக்கென ஒரு நகரியத்தைக் கட்டியது. பள்ளி, மருத்துவமனை, குடியிருப்பு எல்லாம் துறையின் பொறுப்பு. 2004இல் அதிவேக ஈனுலைக்கான கட்டுமானம் அங்கே தொடங்கியது. அதே ஆண்டு டிசம்பர் 26 அன்று சுனாமி நகரியத்தையும் அடுத்த மீனவக் குப்பங்களையும் தாக்கியது. சந்தையின் ஏற்றத்தாழ்வு தொடாத ஊர் என்று அந்த நகரியத்தைச் சொல்லலாம். ஆனால் நகரியத்து மதிலுக்கு வெளியே சதுரங்கப்பட்டினத்திலும் புதுப்பட்டினத்திலும் வாழ்வோர் அந்த வசதிகளை எட்ட நின்றே பார்க்கிறார்கள்.

மாமல்லபுரத்தில் அரசு தொடங்கியதைத் தனியார் வளர்த்தார்கள். 1957இல் தொடங்கிய சிற்பப் பயிற்சி நிலையம், பின்னர் வை. கணபதி ஸ்தபதி தலைமையில் கல்லூரியாக விரிந்து, குலத்தொழிலாக இருந்த கல்வேலையை எந்தச் சாதியினரும் கற்கும் படிப்பாக்கியது. படித்து வெளிவந்தவர்கள் சாலையோரம் பட்டறை வைத்தார்கள். வெளிநாடுகளில் குடியேறிய தமிழர்கள் கோயில் கட்டத் தொடங்கியதும் தேவை பெருகியது. ஊர் முழுவதும் உளிச்சத்தம் கேட்ட காலம் போய், வெட்டும் இயந்திரமும் கிரைண்டரும் வந்தன. வேலை விரைந்தது, கல்தூசி நெஞ்சில் படிந்தது. 1984இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஊரின் தொல்சின்னங்கள் சேர்ந்தன. 2017இல் கற்சிற்பங்களுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கிழக்குக் கடற்கரைச் சாலை செப்பனிடப்பட்டுச் சுங்கச் சாலையாக்கப்பட்ட பிறகு சவுக்குத் தோப்புகள் பண்ணை வீடுகளாகவும் ரிசார்ட்டுகளாகவும் மாறின. 2019 அக்டோபரில் இந்தியப் பிரதமரும் சீன அதிபரும் சந்தித்தபோதும், 2022இல் சதுரங்க ஒலிம்பியாட் நடந்தபோதும் ஊருக்கு அவசர அவசரமாகப் புதுப்பொலிவு பூசப்பட்டது.

கூட்டுறவு என்ற பழைய வடிவம் இந்தக் கரையில் ஓரிடத்தில் நின்று பிடித்தது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972இல் வந்து பாம்புத்தோல் வணிகம் தடைப்பட்டதும், பாம்பு பிடித்து வாழ்ந்த இருளர் பழங்குடியினரின் பிழைப்பு அறுந்தது. 1978இல் பதிவான இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம், வடநெம்மேலி முதலைப் பண்ணை வளாகத்தில், பிடித்த பாம்பிலிருந்து நஞ்சை எடுத்துவிட்டுத் திரும்பக் காட்டில் விடும் முறையை உருவாக்கியது. நாட்டின் பாம்புக்கடி மருந்துத் தயாரிப்புக்கு அந்த நஞ்சே பெரும் ஆதாரம். 2023இல் வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இரு இருளர் பாம்புப் பிடிகாரர்களுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. ஆயினும் இருளர் குடும்பங்களில் பெரும்பாலோருக்குக் குடியிருக்கும் இடத்துக்குப் பட்டா கிடைப்பது இன்னும் போராட்டமாகவே இருக்கிறது.

2021 செப்டம்பரில் ஃபோர்டு இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்தப் போவதாக அறிவித்தது. பத்தாண்டுகளில் 200 கோடி டாலருக்கு மேல் இழப்பு என்பது நிறுவனம் சொன்ன காரணம். குஜராத்தின் சனந்தில் இருந்த அதன் ஆலையையும் சேர்த்து ஏறத்தாழ 4,000 பேரின் வேலை போனது. இழப்பீட்டுக்காக 2022இல் மறைமலைநகர்த் தொழிலாளர்கள் போராடினார்கள். அந்த ஆண்டு ஜூலையில் கடைசி ஈகோஸ்போர்ட் வெளியேறியது. நோவா ஹூத்தாவைப் போல ஊர் சாயவில்லை. சுற்றியுள்ள ஆலைகள் பல நிறுவனங்களுக்கு வேலை செய்தன; கல்லூரியும் ரயிலும் இருந்தன. அடிபட்டவர்கள் நாற்பதை நெருங்கிய நிரந்தரத் தொழிலாளர்கள். வீட்டுக்கடன் பாதியில் நிற்க, அதே சம்பளத்தில் வேறு வேலை கிடைக்காத வயது அது. உதிரிபாக ஆலைகளின் ஒப்பந்தக்காரர்களோ எந்த இழப்பீட்டுக் கணக்கிலும் வரவில்லை. 2025 அக்டோபரில் அதே ஆலையில் எஞ்சின் தயாரிக்க ரூ.3,250 கோடி முதலீட்டுக்கு ஃபோர்டு மாநில அரசோடு ஒப்பந்தமிட்டது. உற்பத்தி 2029இல் தொடங்கும் என்பது திட்டம்.

அரசு ஆலை முயற்சியும் முற்றாக நின்றுவிடவில்லை. திருமணியில் தொழுநோய் நிலையத்தின் அருகே 100 ஏக்கரில் ஒருங்கிணைந்த தடுப்பூசி வளாகம் ஒன்றை மத்திய அரசின் ஹெச்.எல்.எல். பயோடெக் கட்டியது. கசௌலி, குன்னூர், கிண்டி ஆகிய இடங்களிலிருந்த அரசுத் தடுப்பூசி நிலையங்களின் உரிமம் 2008இல் நிறுத்தப்பட்டபோது ஏற்பட்ட குறையை நிரப்ப 2012இல் ஒப்புதல் பெற்ற வளாகம் அது. கட்டடமும் கருவிகளும் இருந்தும், கொரோனா பரவிய 2021இல் அங்கே ஒரு குப்பி தடுப்பூசியும் தயாராகவில்லை. மாநில அரசு குத்தகைக்குக் கேட்டும் பலனில்லை.

2019 நவம்பர் 29 அன்று செங்கல்பட்டு தனி மாவட்டமாகி, ஊரே அதன் தலைநகராயிற்று. பழைய மாவட்டத்துக்குப் பெயர் மட்டும் செங்கல்பட்டு. கலெக்டர் அலுவலகம் நீண்ட காலம் சைதாப்பேட்டையிலும் 1968 முதல் காஞ்சிபுரத்திலும் இருந்தது. 2023 டிசம்பரில் கிளாம்பாக்கத்தில் தென்மாவட்டப் பேருந்துகளுக்கான முனையம் திறந்தது. அதற்கு முந்திய ஆண்டு பெருநகரத் திட்டப் பரப்பு 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிந்தது. 1980இல் எல்லைக்கு வெளியே நிறுத்தப்பட்ட மறைமலைநகர் அதற்குள் வந்துவிட்டது. செங்கல்பட்டு, மாமல்லபுரம் உட்பட ஆறு ஊர்களுக்குப் புதுநகர வளர்ச்சித் திட்டங்களை வகுக்கும் வேலையும் தொடங்கியிருக்கிறது. பழைய முறையில் நிலத்தை எடுத்துப் பணம் கொடுப்பதற்கு மாற்றாக, நில உடைமையாளர்கள் நிலத்தைச் சேர்த்துத் தந்து, சாலையும் குழாயும் போட்ட பிறகு ஒரு பகுதியை மனைகளாகத் திரும்பப் பெறும் நிலத்திரட்டு முறைக்கு இப்போது சட்டம் இடம் தருகிறது. விலையேற்றத்தின் பங்கு இம்முறையில் பட்டாதாரருக்குச் சேர்கிறது. வாரத்துக்கு உழுதவரும், புறம்போக்கில் குடிசை போட்டவரும், காரணையைப் போன்ற ஊர்களில் வேறொருவர் பெயருக்குப் போன பஞ்சமி நிலத்தின் உரிமைக்காரரும் திரட்டுக்குத் தர ஏதும் இல்லாதவர்களாக நிற்கிறார்கள்.